தலைவணங்காத கவிஞர் வசீல் ஸ்தூஸ்

ஒரு நாட்டைப் பிறர் கைக்கொள்ளும்பொழுது முதலில் வீழ்வன கோட்டைகள். இறுதியில் வீழ்வது மொழி. கோட்டை வீழ்ந்தபின்னரும் மீண்டெழுந்த நாடுகள் பல உண்டு. மொழியை இழந்த மக்களோ தாம் எழவேண்டியவர் என்பதையே காலப்போக்கில் மறந்துவிடுவர். இவ்வுண்மையை நன்குணர்ந்து, தாய்மொழியிலே கவி புனைவதையும் உண்மை உரைப்பதையும் விட்டுக்கொடேன் என உறுதிபூண்டு நின்று, அதன்பொருட்டு 47 வயதிலே சிறைக்கூடத்தில் உயிர்நீத்தவர் உக்ரேன் நாட்டுக் கவிஞர் வசீல் ஸ்தூஸ் ஆவர்.

தொலைவிலுள்ள ஒரு நாட்டவரின் வரலாற்றை நம் கல்லூரி மலரில் எழுதுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். ஸ்தூஸ் கவிஞராய்ப் புகழ்பெறுமுன் பாடசாலை ஆசிரியராய் இருந்தவர். அவர் கையில் ஆயுதம் இருந்ததில்லை. அவர் பின்னே படை திரண்டதில்லை. வகுப்பறையிலும் நூலகத்திலும் உருவான ஓர் உள்ளம், பேரரசு ஒன்றின் முன்னிலையில் எவ்வாறு நிமிர்ந்து நின்றது என்பதே அவர் வாழ்க்கையின் சாரம். கல்வி நிலையம் ஒன்றின் விழா மலருக்கு இது புறம்பான பொருளன்று.

அவர் வாழ்வை விளங்கிக்கொள்ள அவருடைய நாட்டின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். வளமிக்க கரிய மண்ணும் பழம்பெரும் நாகரிகமும் உடைய உக்ரேன், நெடுங்காலம் ருஷியப் பேரரசின் கீழ் இருந்தது. உக்ரேனிய மொழியிலே கல்வி நூல்களையும் சமய நூல்களையும் அச்சிடுதலை 1863 ஆம் ஆண்டில் உள்நாட்டு அமைச்சர் வலூயெவ் தம் சுற்றறிக்கையால் தடுத்தார். 1876 இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் இத்தடையை மேலும் விரிவுபடுத்தினார். 1917 இன் புரட்சிக்குப் பின் உக்ரேன் தனியரசாக எழ முயன்றது, அம்முயற்சி நீடிக்கவில்லை. சோவியத்து ஆட்சியின் தொடக்கத்திலே உக்ரேனிய மொழிக்குச் சில ஆண்டுகள் இடமளிக்கப்பட்டது. ஆயின் ஸ்தாலினின் காலத்திலே அம்மொழியின் எழுத்தாளரும் அறிஞரும் நூற்றுக்கணக்கில் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1932, 1933 ஆம் ஆண்டுகளில் உழவரின் தானியத்தை அரசு பறித்தெடுத்ததால் விளைந்த பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அத்தொகை 35 இலட்சத்துக்கும் குறையாது என ஆராய்ச்சியாளர் பலர் கணித்துள்ளனர்.

அப்பஞ்சம் நீங்கி ஐந்து ஆண்டுகள் கழிய, 1938 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் நாள், வின்னிட்சியா மாநிலத்திலுள்ள ரஹ்னீவ்கா என்னும் சிற்றூரிலே ஓர் உழவர் குடும்பத்தில் வசீல் ஸ்தூஸ் பிறந்தார். கூட்டுப்பண்ணையின் கெடுபிடியிலிருந்து தப்பும்பொருட்டு அவருடைய பெற்றோர் 1939 இல் ஊரைவிட்டு நீங்கி, நாட்டின் கிழக்கிலுள்ள ஸ்தாலினோ நகருக்குச் சென்றனர். நிலக்கரிச் சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் மலிந்த அந்நகரே பின்னாளில் டொனெட்ஸ்க் எனப் பெயர்பெற்றது. தந்தையார் இரசாயனத் தொழிற்சாலையிலே தொழிலாளியானார். மைந்தருக்குக் கவிதையின் முதற் பாடத்தைக் கற்பித்தவர் தாயார். அவர் பாடிய நாட்டுப் பாடல்களே தம் உள்ளத்தில் முதல் வித்தை ஊன்றின எனப் பிற்காலத்திலே கவிஞர் நன்றியுடன் எழுதியுள்ளார்.

படிப்பிலே சிறந்து விளங்கிய ஸ்தூஸ் 1954 இல் வெள்ளிப் பதக்கத்துடன் பாடசாலைக் கல்வியை முடித்து, அந்நகரிலிருந்த ஆசிரியர் கல்விக் கழகத்திலே சேர்ந்து உக்ரேனிய மொழியும் இலக்கியமும் பயின்றார். 1959 இல் சிறப்புத் தேர்ச்சி பெற்று வெளியேறினார். அவ்வாண்டிலேயே அவருடைய கவிதைகள் முதன்முதலாக ஓர் இலக்கியப் பத்திரிகையில் வெளிவந்தன. புகழ்பெற்ற கவிஞர் அந்திரீய் மலீஷ்கோ அவற்றுக்கு முன்னுரை எழுதி வாழ்த்தினார். சிறிது காலம் ஒரு கிராமப் பாடசாலையிலே கற்பித்தபின், இரண்டு ஆண்டுகள் இராணுவச் சேவையில் கழிந்தன. 1961 இல் ஹோர்லீவ்கா என்னும் சுரங்க நகரிலே உக்ரேனிய மொழியாசிரியராகப் பணியேற்றார்.

அங்கே அவர் கண்ட நிலை அவர் மனத்தை வருத்தியது. பிள்ளைகள் எம்மொழியிற் பயிலவேண்டும் என்பதைப் பெற்றோரே தெரிவுசெய்யலாம் எனச் சோவியத்துக் கல்விச் சட்டம் சில ஆண்டுகளுக்கு முன் திருத்தப்பட்டிருந்தது. கேட்பதற்கு இது நேர்மையான ஏற்பாடாகவே தோன்றும். ஆயின் உயர்கல்வியும் உத்தியோகமும் ருஷிய மொழியாலேயே கிட்டும் என்ற நிலையிலே, தாய்மொழியைத் தெரிவுசெய்யத் துணியும் பெற்றோர் எத்துணைப் பேர்? தொழில் நகரங்களிலே உக்ரேனியப் பாடசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. அம்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியரே தம் நாட்டில் அயலவர்போல் ஆயினர். இத்துயரை ஸ்தூஸ் 1962 இல் மலீஷ்கோவுக்கு நீண்ட கடிதமாக வரைந்தார். அடக்குமுறை எப்பொழுதும் வாளேந்தி வருவதில்லை; சலுகை வடிவிலும் வருவதுண்டு என்பதை அவ்விளம் ஆசிரியர் வகுப்பறையிலேயே கற்றுக்கொண்டார்.

1963 இல் அவர் கீவ் நகருக்குச் சென்று, அறிவியற் கழகத்தைச் சார்ந்த செவ்சென்கோ இலக்கிய நிறுவனத்திலே ஆராய்ச்சி மாணவரானார். ஸ்தாலின் மறைந்தபின் கட்டுப்பாடுகள் சற்றே தளர்ந்திருந்த காலம் அது. அக்கால இளம் எழுத்தாளரும் ஓவியரும் தம் மொழிக்கும் பண்பாட்டுக்கும் புத்துயிர் அளிக்க முனைந்தனர். அவர்களை அறுபதாம் ஆண்டினர் என இலக்கிய வரலாறு வழங்கும். ஸ்தூஸ் அவர்களுள் ஒருவரானார். ஜேர்மன் மொழியைக் கற்று, கேதே, ரில்கே ஆகியோரின் கவிதைகளிலே தோய்ந்தார். நிறைவான அறிவும், நல்ல நண்பரும், எதிர்காலமும் அவர்முன் விரிந்திருந்தன.

அந்த எதிர்காலம் 1965 ஆம் ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் நாள் ஒரே மாலையில் மாறிற்று. அக்கோடையிலே உக்ரேனிய அறிவாளர் பலரை அரசு இரகசியமாகக் கைதுசெய்திருந்தது. பத்திரிகைகள் அதுபற்றி ஒருசொல்லும் எழுதவில்லை. அன்று கீவிலுள்ள உக்ரேன் படமாளிகையிலே பரஜானவ் இயக்கிய மறந்துபோன மூதாதையரின் நிழல்கள் என்னும் திரைப்படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. திறனாய்வாளர் இவான் ஜூபா மேடையேறி, நடைபெற்ற கைதுகளை மக்களுக்கு அறிவித்தார். கொடுங்கோன்மையை எதிர்ப்போர் எழுந்து நிற்கவேண்டும் என்னும் அழைப்பு சபையிலிருந்து எழுந்தது. பத்திரிகையாளர் வியாச்செஸ்லாவ் சொர்னோவிலும் ஸ்தூசுமே அவ்வாறு அழைத்தவர்கள். சிலர் எழுந்து நின்றனர். பலர் இருந்த இடத்திலேயே இருந்தனர். ஸ்தூசுக்கு அப்பொழுது வயது 27.

இரண்டு வாரம் கழிய, செப்டெம்பர் 20 ஆம் நாள், அவர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் கட்டட வேலை செய்தார், கொதிகலனுக்கு நெருப்பிட்டார், வரலாற்றுச் சுவடிக்கூடமொன்றில் வேலை கிடைத்தும் அங்கிருந்தும் நீக்கப்பட்டார். ஈற்றிலே கட்டடப் பொருள்கள் சார்ந்த ஓர் அலுவலகத்திலே தொழினுட்பத் தகவற் பிரிவில் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே வலெந்தீனா என்னும் நல்லாளை மணந்தார். 1966 இல் திமித்ரோ என்னும் மைந்தர் பிறந்தார். அவர் தொகுத்தளித்த கவிதை நூலைப் பதிப்பகம் ஏற்கவில்லை. குளிர்கால மரங்கள் என்னும் அடுத்த தொகுதியும் உள்நாட்டில் அச்சேறாது, 1970 இல் பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரசெல்சில் வெளிவந்தது. மேலும் சில கவிதைகளைத் தாமே தட்டச்சில் அடித்து நண்பரிடையே வழங்கினார். சொர்னோவிலைத் தூற்றிப் பத்திரிகைகள் எழுதியபொழுது, வெளிப்படையாகக் கடிதம் எழுதி அவருக்காக வாதாடினார்.

1972 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் நாள் அரசின் கை அவர் இல்லக் கதவையும் தட்டியது. கீவிலும் லிவீவிலும் அறிஞரும் கவிஞரும் அந்நாட்களிலே கூட்டங் கூட்டமாகக் கைதாயினர். விசாரணைச் சிறையிலே ஸ்தூஸ் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் வைக்கப்பட்டார். மற்றொருவர் மனமுடைந்திருக்கக்கூடிய அந்நாட்களிலே அவர் ஏறத்தாழ 300 கவிதைகளை எழுதியதுடன் கேதேயின் கவிதைகளையும் மொழிபெயர்த்தார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் சோவியத்து எதிர்ப்புப் பிரசாரம். அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டவை அவருடைய கவிதைகளும் கட்டுரைகளும் கடிதங்களுமே. செப்டெம்பர் மாதத்திலே ஐந்தாண்டுச் சிறைமுகாமும் மூன்றாண்டு நாடுகடத்தலும் தண்டனையாக விதிக்கப்பட்டன.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. அன்று மேடையேறிப் பேசிய ஜூபாவும் 1972 இல் கைதாகி, மறுவருடம் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். காசநோயால் நலிந்திருந்த அவர், தம் கருத்துக்களைத் தவறென ஒப்புக்கொள்ளும் அறிக்கையொன்றிற் கையொப்பமிட, 1973 இன் இறுதியில் விடுதலையானார். அவரை இகழ்தல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. அவர் பின்னாளிலே சுதந்திர உக்ரேனின் பண்பாட்டு அமைச்சராகவும் மதிப்புமிக்க அறிஞராகவும் நாட்டுக்குப் பெருந்தொண்டு புரிந்தார். ஆயினும் ஒரு கையொப்பத்தால் வீடு திரும்பும் வழி இருந்தது என்பதை அந்நிகழ்ச்சி எல்லாருக்கும் காட்டிற்று. அவ்வழியை ஸ்தூஸ் அறியாதவரல்லர். அறிந்தே அதனை விலக்கினார். அவர் கைதானபொழுது மைந்தருக்கு வயது ஐந்து.

மொர்தோவியச் சிறைமுகாமிலே அவருக்கு இருந்த வயிற்றுப்புண் முற்றி, 1975 இல் குருதி கசிந்து உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. லெனின்கிராட் சிறை மருத்துவமனையிலே சத்திரசிகிச்சை செய்து இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றினர். அவர் எழுதிய தாள்கள் அடிக்கடி பறிமுதல் செய்யப்பட்டன. மனைவிக்கு எழுதிய கடிதங்களின் ஊடாகவே கவிதைகள் பல வெளியுலகை அடைந்தன. பறிக்கப்பட்டவற்றை அவர் நினைவிலிருந்து மீண்டும் எழுதுவார், எழுதும்பொழுதே திருத்துவார். அதனால் அவருடைய கவிதைகள் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்கள் உண்டு. பழைய எழுத்தைச் சுரண்டியெடுத்து அதன்மேற் புதியது எழுதிய தோலேட்டைக் குறிக்கும் பெயரைத் தம் தலைசிறந்த தொகுதிக்கு அவர் சூட்டியது மிகப் பொருத்தமே.

1977 இல் சைபீரியாவுக்கும் அப்பால், மகடான் மாநிலத்திலுள்ள மத்ரோசவ் குடியிருப்புக்கு அவர் அனுப்பப்பட்டார். கடுங்குளிர் வாட்டும் அவ்விடத்திலே பொற்சுரங்கத்தில் வேலை செய்தார். ஒருமுறை வீழ்ந்து இரு குதிகால் எலும்புகளும் முறிந்தன. உடல் இவ்வாறு தேய்ந்தும் உள்ளம் தளரவில்லை. சோவியத்துக் குடியுரிமையைத் தாம் துறப்பதாக 1978 இல் அரசுக்கு எழுதினார்.

1979 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே தண்டனை முடிந்து கீவுக்குத் திரும்பினார். வார்ப்பாலையிலும் பாதணித் தொழிற்சாலையிலும் உழைத்துப் பிழைத்தார். அவர் வாழ்வின் உரைகல் அம்மாதங்களே ஆகும். 1975 இல் ஹெல்சிங்கி உடன்படிக்கையிலே சோவியத்து அரசு கையொப்பமிட்டு, மனித உரிமைகளைப் பேணுவதாக உலகறிய வாக்களித்திருந்தது. அவ்வாக்குறுதி காக்கப்படுகின்றதா எனக் கண்காணிப்பதற்காக 1976 நவம்பரிலே எழுத்தாளர் மிக்கொலா ருடென்கோ முதலியோர் உக்ரேனிய ஹெல்சிங்கிக் குழுவை அமைத்தனர். ஸ்தூஸ் திரும்பியபொழுது அதன் நிறுவனருட் பெரும்பாலோர் சிறையில் இருந்தனர். அக்குழுவிற் சேர்வோருக்கு என்ன நேரும் என்பதிலே ஐயத்துக்கு இடமில்லை. வாய்மூடி இருந்திருப்பின், மனைவி மக்களுடன் வாழ்ந்து, நோயுற்ற உடலைப் பேணி, மொழிபெயர்ப்புக்களையேனும் செய்துகொண்டிருக்கலாம். அவரோ அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலேயே அக்குழுவிற் சேர்ந்தார். தமக்குச் சிறைக்கதவு மீண்டும் திறந்துவிட்டது என்பதை அறிந்தே சேர்ந்ததாகவும், பிறநாடு செல்லுதலைத் தாம் விரும்பவில்லை என்றும், சொந்த மண்ணிலிருந்து குரல் கொடுப்பார் ஒருவர் வேண்டும் அன்றோ என்றும் பின்னர்த் தம் குறிப்பில் விளக்கினார்.

1980 ஆம் ஆண்டு மே 14 ஆம் நாள் மீண்டும் கைதானார். வழக்கிலே அரசு நியமித்த வழக்கறிஞரை அவர் ஏற்க மறுத்தும் பயனில்லை. அவ்வழக்கறிஞரோ தம் கட்சிக்காரர் குற்றவாளியே என்று நீதிமன்றத்திலே ஒப்புக்கொண்டார். ஒக்டோபர் 2 ஆம் நாள் பத்தாண்டுக் கடுங்காவலும் ஐந்தாண்டு நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன. ருஷிய விஞ்ஞானியும் நோபல் பரிசாளருமாகிய அந்திரேய் சகாரவ், தாமே காவலில் இருந்த நிலையிலும், இக்கவிஞருக்காக உலகுக்கு முறையீடு விடுத்தார். ஸ்தூஸ் எதிர்த்தது ருஷிய மக்களை அன்று, அவர்கள் பெயரால் நடந்த ஆதிக்கத்தையே என்பதற்கு இதுவே போதிய சான்று.

யூரல் மலைப் பகுதியிலே பேர்ம் மாநிலத்துக் குச்சினோ என்னும் சிற்றூரில் இருந்த சிறைமுகாமே அவருடைய இறுதி உறைவிடம். அங்கே கைதிகள் பூட்டிய அறைகளில் அடைக்கப்பட்டு, மின்சார இஸ்திரிப் பெட்டிகளின் உறுப்புக்களைப் பொருத்தும் வேலையிலே ஈடுபடுத்தப்பட்டனர். குடும்பத்தாரைக் காண்பது அரிதினும் அரிதாயிற்று. சிறு தாள்களிலே அவர் எழுதிய குறிப்புக்கள் இரகசியமாக வெளியேறி மேனாடுகளில் அச்சாயின. அதற்குத் தண்டனையாக ஓராண்டு தனியறையில் அடைக்கப்பட்டார். அம்முகாமிலே அவர் பல ஆண்டுகள் முயன்று எழுதிய ஆன்மாவின் பறவை என்னும் கவிதைத் தொகுதி பறிமுதல் செய்யப்பட்டது. ஏறத்தாழ 300 கவிதைகள் கொண்ட அச்சுவடி இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் உயிரிழப்பினும் கொடிய இழப்பு இது என்று கருதுவோரும் உளர்.

ஜேர்மன் நாட்டு எழுத்தாளர் ஹைன்றிச் பேல் முதலியோர் அவருடைய விடுதலைக்காகக் குரலெழுப்பினர். குரல் பயன்தருமுன் காலன் முந்திக்கொண்டான். உக்ரேனியக் கைதிகளாகிய ஒலெக்சா தீஹியும், யூரி லித்வினும், வலேரி மார்ச்சென்கோவும் 1984 ஆம் ஆண்டிலேயே அடுத்தடுத்து மாண்டனர். 1985 ஓகஸ்ட் மாத இறுதியிலே, படுக்கைப் பலகையிற் சாய்ந்து நூல் வாசித்தமை விதிமீறல் எனக் கூறி, ஸ்தூசைத் தண்டனை அறைக்கு அனுப்பினர். அவர் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டெம்பர் 3 ஆம் நாளுக்கும் 4 ஆம் நாளுக்கும் இடைப்பட்ட இரவிலே அவ்வறையில் உயிர் பிரிந்தது. படமாளிகையில் எழுந்து நின்ற நாளிலிருந்து சரியாக 20 ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவருடைய இறுதிப் பதின்மூன்றரை ஆண்டுகளிலே வீட்டில் வாழ்ந்த காலம் ஒன்பது மாதமே.

உடலை உறவினரிடம் ஒப்படைக்க அதிகாரிகள் இசையவில்லை. முகாமின் அண்மையிலுள்ள இடுகாட்டிலே, பெயரின்றி, இலக்கம் 9 பொறித்த கம்பம் ஒன்று அவர் குழிமேல் நாட்டப்பட்டது. ஆயினும் காலம் விரைந்து மாறிற்று. 1989 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் நாள் ஸ்தூஸ், தீஹி, லித்வின் ஆகிய மூவரின் உடல்களும் கீவுக்குக் கொணரப்பட்டு, பைக்கோவ் மயானத்திலே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்த நீலமும் மஞ்சளும் கலந்த கொடிகளை ஏந்தி ஆயிரமாயிரம் மக்கள் பின்சென்றனர். மறுவருடம் அவர்மீதிருந்த தீர்ப்பு நீக்கப்பட்டது. 1991 இல் உக்ரேன் சுதந்திர நாடாயிற்று. அவ்வாண்டிலேயே செவ்சென்கோ பரிசு அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 2005 இல் உக்ரேனின் வீரர் என்னும் உயர்விருதும் அளிக்கப்பட்டது. தந்தையின்றி வளர்ந்த மைந்தர் திமித்ரோ இலக்கிய ஆராய்ச்சியாளராகித் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

அவர் பயின்ற ஆசிரியர் கல்விக் கழகம் காலப்போக்கில் டொனெட்ஸ்க் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதற்கு ஸ்தூசின் பெயரைச் சூட்டவேண்டும் எனச் சிலர் முன்னர் வேண்டியபொழுது பல்கலைக்கழகத்தார் இசையவில்லை. 2014 இல் ருஷியாவின் ஆதரவு பெற்ற படையினர் அந்நகரைக் கைப்பற்றவே, ஆசிரியரும் மாணவரும் பலர் வெளியேறி, வின்னிட்சியா நகரிலே பல்கலைக்கழகத்தை மீண்டும் நடத்தத் தொடங்கினர். டொனெட்ஸ்கிலே பழைய கட்டடச் சுவரிலிருந்த கவிஞரின் உருவச் சிற்பம் 2015 இல் அகற்றப்பட்டது. 2016 இல், இடம்பெயர்ந்த அப்பல்கலைக்கழகம் ஸ்தூசின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டது. வின்னிட்சியாவிலிருந்து டொனெட்ஸ்குக்குப் பெற்றோர் கையிற் சென்ற குழந்தையின் பெயர், வீடிழந்த கல்வி நிலையத்துடன் அவர் பிறந்த மாநிலத்துக்கே மீண்டது. கட்டடமும் நூலகமும் இழந்தபின்னரே, முன் மறுத்த பெயரின் அருமை விளங்கியது போலும்.

மாணவர்களே, ஸ்தூஸ் சென்ற வழியில் எல்லாரும் செல்லல் இயலாது. எல்லாரும் செல்லவேண்டும் என்பதும் எம் கருத்தன்று. அவருடைய உறுதிக்கு அவர் மட்டுமன்றி, மனைவியும் மைந்தரும் முதுமையுற்ற பெற்றோரும் விலை கொடுத்தனர் என்பதை மறத்தலாகாது. ஆயினும் கல்வியின் பயன் யாதென வினவுவோருக்கு அவர் வாழ்க்கை ஒரு விடை தருகின்றது. மெய்யென அறிந்ததை மெய்யென்றே கூறும் ஆற்றலைத் தராத கல்வி நிறைந்த கல்வி ஆகாது. அவ்வாற்றல் பெரிய களங்களில் மட்டும் வேண்டப்படுவதன்று. எல்லாரும் இருந்த இடத்தில் இருக்கும் ஒரு சபையிலே, எழுந்து நிற்கவேண்டிய வேளை ஒவ்வொருவர் வாழ்விலும் ஒருமுறையேனும் வரும். அன்று இக்கவிஞரின் நினைவு நம்முடன் இருப்பதாக.